பதினேழாவது மாடி வீட்டுக்காரி

"ஆறறதுக்குள்ள எல்லா வீட்டுக்கும் குடுத்துடணும் அக்கா. ஆறிப்போனா கல்லு மாதிரி ஆயிடும். எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல" என்று சொல்லி, குடிவந்தவர்கள் கட்டடம் முழுக்கக் கொடுக்கிற பலகாரப் பெட்டியை ஒக்ஹீயின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள் போரம். வெளியே சாமான் ஏற்றுகிற ஏணி வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பீரோ, மெத்தை, பெரிய டிவி என்று ஒவ்வொன்றாகப் பதினேழாவது மாடி பால்கனிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. புதுத் தரையில் அட்டை விரித்திருந்தார்கள். ஒக்ஹீ செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக ஆறும், ஆற்றுக்கு அப்பால் அறுத்துப்போட்ட வயலும், அதற்கும் அப்பால் மலையும் தெரிந்தன. இதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒக்ஹீயின் வீடு. அவள் ஜன்னலைத் திறந்தால் தெரிவது குப்பை பிரிக்கிற கொட்டகை.

போரம் அவளுக்கு ஓரகத்தி, புருஷனின் தம்பி யுன்ஷிக்கின் பெண்டாட்டி. பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணமாகி வந்தபோது பெரிய பண்டிகைச் சமையலில் மீன் வடையைத் திருப்பிப் போடக்கூடத் தெரியாமல் விழித்த பெண். அவளுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒக்ஹீதான். இன்றைக்கு அவள் சொந்த வீட்டில் நிற்கிறாள், ஒக்ஹீ அவள் பலகாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறாள்.

யாரை நொந்துகொள்வது? எல்லாம் தன் வாயால் வந்த வினை. வருஷா வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு மாமியார் வீட்டில் கூடும்போதெல்லாம் ஒக்ஹீதான் அளந்து விடுவாள். சியோலில் என்ன இருக்கிறது, மனுஷன் மூச்சு விட முடியுமா, எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள், ரயிலில் ஒரு மணி நேரம்தான், சாயந்திரமானால் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் நடக்கிறோம், ஒருத்தி வீட்டில் சூப் வைத்தால் ஒன்பது வீட்டுக்குப் போகும், பூச்செடி வைக்க ஆள் கூப்பிட்டால் இருபது பேர் வந்து நிற்பார்கள் என்று. பொய்யில்லை, அத்தனையும் நிஜம். அந்தப் பூச்செடிக்கு ஆள் கூப்பிடுகிறவளே அவள்தான். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று, அந்த மூன்றாவது மாடி வீடு ஒத்திக்கு எடுத்தது என்பது. குடும்பத்துக்குத் தெரியும், ஆகவே அங்கே சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தில் யாருக்கும் தெரியாது, ஆகவே இங்கேயும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

குடிவந்த புதிதில் இதே வீட்டை வாங்கிக்கொள்கிறீர்களா என்று வீட்டுக்காரர் கேட்டார். புருஷன் தேஷிக், "இறங்கும், பொறு" என்றான். விலை ஏறியது. "இதுக்குமேல ஏறாது, இறங்கத்தான் போவுது" என்றான். மேலும் ஏறியது. ஊரில் எல்லாப் புருஷன்மார்களும் இதைத்தான் சொன்னார்கள், ஆனால் பாதிப் பேர் வீட்டில் பெண்டாட்டி கேட்கவில்லை. ஒக்ஹீ கேட்டாள். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஒத்தியைப் புதுப்பிக்கிற மாதம் வந்தால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லத்தான் கூப்பிடுகிறாரோ என்று பயப்படுவாள். தம்பி யுன்ஷிக்கோ அண்ணனிடம் யோசனைகூடக் கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், மேலே போய்ப் பார்த்தான், வாங்கிவிட்டான்.

வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது? பெட்டியின் சூடு கையில், அதைவிட மேலாக உள்ளே.

முதலில் ஒன்பதாவது மாடிக்குப் போனாள். அங்கே ஹரின் அம்மா இருக்கிறாள், பெண்கள் சங்கத் தலைவி. அவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுத்தாலும் குற்றமாகிவிடும். கதவு திறந்தது. காராமணி தூவி அவித்த அரிசிப் பலகாரத்தை, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்ததை, ஒக்ஹீ நீட்டினாள்.

"பதினேழாவது மாடியில குடிவந்த பலகாரம்" என்றாள்.

ஹரின் அம்மா பலகாரத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினாள். "அடேயப்பா! நீங்களா? அந்த வீட்டை வாங்கினது நீங்களா? ஏணி வண்டியைக் காலையில பாத்துட்டு யாரா இருக்கும்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். அமுக்கமா இருந்து சாதிச்சுட்டீங்களே கியூமின் அம்மா!" பிள்ளை பேரைச் சொல்லித்தான் கட்டடத்தில் ஒக்ஹீயைக் கூப்பிடுவார்கள்.

"இல்ல, அது எங்க கொழுந்தனார் குடும்பம்..."

"சரிதான், வாங்கி, கொழுந்தனை ஒத்திக்கு வெச்சுட்டீங்க. புத்திசாலித்தனம்! இப்ப எல்லாரும் அதைத்தானே பண்றாங்க." ஹரின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நிஜமாகவே ஈரம். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எங்களுக்கெல்லாம் ரொம்ப நாளா மனசுக்குள்ள ஒரு வருத்தம். இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு உழைக்கிறாங்க, பாவம் இன்னும் ஒத்தியிலயே இருக்காங்களேன்னு நடக்கப் போறப்பல்லாம் பேசிக்குவோம்."

ஒக்ஹீக்குக் காது அடைத்தது. நடக்கப் போகும்போதெல்லாமா? அவள் செருப்பு வாரை இழுத்துவிடப் பின்தங்கிய நேரத்திலா, அவள் ஊருக்குப் போயிருந்த நாளிலா? ஏழு வருஷமாகச் சொந்த வீட்டுக்காரி மாதிரி தலை நிமிர்ந்து, வரி ஏறிவிட்டது என்று அவர்களோடு சேர்ந்து அலுத்துக்கொண்டு, பெயிண்ட் கலர் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு அவள் திரிந்ததை எல்லாம் இவர்கள் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 'பாவம்' என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லை, வாங்கியது நானில்லை என்று இப்போது சொன்னால் அந்தப் 'பாவம்' இரண்டு மடங்காகும்.

"நிதானமா சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் ஒக்ஹீ.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஐந்தாவது மாடிக்கு இறங்குவதற்குள் ஹரின் அம்மாவின் போன் வேலை செய்துவிட்டது. கதவு கதவாக அவளைக் கட்டிக்கொண்டார்கள். பல்லில்லாத வாட்ச்மேன்கூடக் கூண்டை விட்டு வெளியே வந்து குனிந்து வணங்கினார். பெட்டி காலியானபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவமானமாகவும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த நாளே, புதுவீட்டுப் பரிசாகச் சோப்புத்தூள் டப்பாவும், கழிவறைக் காகிதச் சுருள் மூட்டையும் வர ஆரம்பித்தன. "நுரை பொங்கற மாதிரி பொங்கணும், சுருள் அவுர்ற மாதிரி எல்லாம் தடையில்லாம நடக்கணும்" என்று வாழ்த்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒக்ஹீ எல்லாவற்றையும் பால்கனியில் அடுக்கி மேலே போர்வையைப் போட்டு மூடினாள். தேஷிக் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஊருக்கே வயித்துப்போக்கா?" என்று கேட்டான். "தள்ளுபடியில போட்டான்" என்றாள். "இன்னும் இறங்கும், பொறுத்து வாங்கியிருக்கலாம்" என்றான் அவன். அவள் பார்த்த பார்வையில் மனுஷன் எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொண்டான்.

பதினேழாவது மாடிக்கு ஒரு சோப்புக்கட்டிகூடப் போகவில்லை. ஒத்திக்கு வந்த குடும்பத்துக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

ஒரு வாரம் கழித்து போரம் இறங்கி வந்தாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தாளே தவிர, ஒரு சுளையும் வாயில் போடவில்லை. "அக்கா, பலகாரம் எல்லாருக்கும் போச்சுதானே? லிஃப்ட்ல பாக்கறவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே. நானாத்தான் குனிஞ்சு வணக்கம் சொல்றேன். எதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். "அஞ்சு வீடு மாறியாச்சு அக்கா. எங்கயும் பக்கத்து வீட்டுப் பேர்கூடத் தெரியாது. நீங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த ஊர் மேலயே ஆசை வந்துச்சு. அவர் வேற இடம் பாத்தாரு, நான்தான் இங்கன்னு ஒத்தைக்கால்ல நின்னேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒக்ஹீயின் வாய்வரை வந்தது. ஆனால் ஆரஞ்சு உரிக்கிற அந்தக் கையில் வீட்டைப் பற்றிய ஒரு கவலையும் இல்லாததைப் பார்த்தாள். எந்த மாதத்திலும் தொலைபேசிக்குப் பயப்படத் தேவையில்லாத கை. வீடும் உனக்கு, ஆறும் உனக்கு, இந்த மனுஷர்களும் உனக்கே வேண்டுமா?

"இங்க அப்படித்தான்மா. சட்டுனு ஒட்ட மாட்டாங்க. நாளாகும்" என்றாள்.

நவம்பர் கடைசியில், குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நாள் வந்தது. கட்டடங்களுக்கு நடுவே கூடாரம் போட்டு, நீள மேஜைகளில் பிளாஸ்டிக் விரித்து, உப்பில் ஊறிய கோஸை மலையாகக் குவித்திருந்தார்கள். தனியாக இருக்கிற முதியவர்களுக்குக் கொடுப்பதற்காக வருஷா வருஷம் சங்கம் செய்வது, செய்ய வைப்பவள் ஒக்ஹீ. அதற்கு முந்தின நாள் போரமிடம் சாமர்த்தியமாகச் சொல்லி வைத்திருந்தாள்: "குளிர்ல வந்து கஷ்டப்படாத, உனக்கும் ஒரு டப்பா எடுத்து வெக்கிறேன்."

மசாலாவில் முழங்கை வரை கை நனைந்திருந்த நேரத்தில் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு போரம் வந்தாள். புத்தம்புதுச் சிவப்பு ரப்பர் கையுறை, சமையல் அங்கி, தலையில் துணி. பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் வருகிற குழந்தை முகம். "லிஃப்ட்ல ஒட்டியிருந்துச்சு, யார் வேணா வரலாம்னு..." என்றாள் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"வாங்க வாங்க! பதினேழாவது மாடியா?" ஹரின் அம்மாவின் குரல் கூடாரத்தை நிறைத்தது. "உங்களுக்கென்னம்மா, குடுத்து வெச்சவங்க. வீட்டுக்காரங்க கீழயே இருக்காங்க, அதுவும் சொந்த அக்கா மாதிரி. குழாய் ஒழுகினா ஒரு தட்டுத் தட்டினாப் போதும், கியூமின் அம்மா ஓடியாந்துடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். போரம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்காரங்க? அவள் ஹரின் அம்மாவைப் பார்த்தாள், பிறகு மேஜையின் மறுகோடியில் நின்ற ஒக்ஹீயைப் பார்த்தாள். ஒக்ஹீ கோஸின் இலை இடுக்கில் முள்ளங்கிச் சீவலைத் திணித்துக்கொண்டே இருந்தாள், முன்பே திணித்த அதே இலையில். முடிந்தது என்று நினைத்தாள். இன்று சாயந்திரம் இந்த ஊரைவிட்டே போய்விட வேண்டியதுதான், ஆற்றங்கரையில் இனி ஒருநாளும் நடக்க முடியாது.

"ஆமாங்க" என்றாள் போரம். குரல் கொஞ்சம் மெலிந்து வந்தது, பிறகு சரியாகிவிட்டது. "அக்கா மாதிரி வீட்டுக்காரங்க யாருக்குக் கிடைப்பாங்க? சுவத்துல ஆணி அடிச்சதுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லல."

மறுபடி சிரிப்பு. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள், யாரோ அவள் அங்கி நாடாவைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். "பேர் என்னம்மா?", "கோஸை இப்படிப் பிடிக்கணும்", "உப்பு போதுமா பாரு". ஐந்து நிமிஷத்தில் போரம் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள். ஒக்ஹீக்கு ஏழு வருஷம் ஆனது அது. ஒக்ஹீயைக் காப்பாற்றிவிட்டு, அந்த மூச்சிலேயே அவளுடைய இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை, கத்தியிருந்தால் தேவலை. அப்போது ஒக்ஹீ அவளை வெறுக்கவாவது முடியும். பெரிய மனசும் அவளுக்கேதான் இருக்க வேண்டுமா! நன்றி வர வேண்டிய இடத்தில் மறுபடியும் அந்த எரிச்சலே வந்தது, முன்னைவிடக் கூடுதலாக.

ஹரின் அம்மா கையுறையைத் தட்டினாள். "எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். நம்ம கட்டடத்துப் பிரதிநிதி இடம் காலியாயிடுச்சு. சொந்த வீட்டுக்காரங்கதான் நிக்க முடியும்ங்கறதால இத்தனை நாளா கியூமின் அம்மாவைக் கேக்க முடியாம இருந்துச்சு. இப்ப அந்தத் தடையும் போச்சு. திங்கட்கிழமை ஆபீஸ்ல பேரைக் குடுத்துடுங்க, வீட்டுப் பத்திரத்தோட ஒரு நகலைக் காட்டினாப் போதும். எதிர்த்து யாரும் நிக்கப் போறதில்ல."

கைதட்டல் ரப்பர் சத்தத்தோடு எழுந்தது. இந்த இடத்துக்குத்தான் ஒக்ஹீ இத்தனை வருஷமாக உள்ளூர ஏங்கியிருந்தாள். பத்திரத்தில் இருப்பது யுன்ஷிக்கின் பெயரும் போரத்தின் பெயரும். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே, இந்தக் கைதட்டல் ஓய்வதற்குள். அவள் வாயைத் திறந்தாள்.

"இருங்க இருங்க, வாழ்த்துச் சொல்ல வேணாமா!" போரம் மேஜையைச் சுற்றி வந்துவிட்டாள். உள்ளிருந்து இளமஞ்சள் கோஸ் இலை ஒன்றைக் கிழித்து, மிளகாய் மசாலாவை அள்ளி வைத்து, மேலே ஒரு சிப்பி இறைச்சியும் ஒரு துண்டு அவித்த பன்றிக்கறியும் வைத்து, கை நிறையப் பெரிதாகச் சுருட்டினாள். அதை ஒக்ஹீயின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஆ காட்டுங்க அக்கா."

ஒக்ஹீ அவள் முகத்தில் தேடினாள். கேலியா, இரக்கமா, கோபமா? எதுவும் பிடிபடவில்லை. குளிரில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"ஆ!" என்றார்கள் எல்லோரும் சேர்ந்து.

வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. சுருள் உள்ளே போனது. கன்னம் இரண்டும் புடைத்தன, காரம் மூக்கில் ஏறியது, கண்ணிலிருந்து நீர் கரகரவென்று இறங்கியது. துடைக்கலாமென்றால் கை முழுக்க மிளகாய். "காரம் காரம்! தண்ணி குடுங்க!" என்று கூடாரமே சிரித்தது. ஒக்ஹீ மென்றாள், விழுங்க முடியவில்லை, மறுபடி மென்றாள். போரம் அவள் வாயையே பார்த்தபடி அடுத்த இலையைக் கிழித்து மசாலா வைத்துக்கொண்டிருந்தாள்.