எட்டு புள்ளி ஒன்பது

இருபத்தாறு வருஷம் மட்டாஞ்சேரியில் பூமியின் இழுப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வைத்திருந்தவன் நான்தான். சிரிக்காதீர்கள். ஆலுவாவில் குறையவில்லை, படகேறி எர்ணாகுளம் போனால் அங்கும் எல்லாம் பழையபடி கனத்தது. இங்கே மட்டும்தான். பஜாரில் அரிசி மூட்டை சுமக்கும் சேட்டன்கள் தோளுக்கு இரண்டாகச் சுமந்தார்கள். மரத்திலிருந்து தேங்காய் விழுந்தால் கீழே நிற்பவன் கையிலிருக்கும் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாக நகர்ந்துகொள்ளலாம். என் மனைவி லோகாம்பாள் நான் பேசுவதில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். கழிக்கட்டும். மிச்சமிருக்கிற அந்த ஒரு பங்குதான் இந்தக் கதை.

நான் ஆட்சி செய்தது ஒரு பள்ளிக்கூடத்தின் பிசிக்ஸ் லேபில். அட்டெண்டர் முப்பிடாதி என்றால் காயலில் இருக்கும் மீனுக்கும் தெரியும். போன மார்ச்சில் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிகாரம் பள்ளுருத்தியில் என் வீட்டுச் சுவரில் பத்து மாதம் ஓடியிருந்தபோது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு ஷைலஜா தன் மகள் காளியம்மையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஷைலஜாவுக்குக் கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. மகள் பிளஸ் டூ. ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அனுவும் மீனுவுமாக இருக்க, குலசாமி பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் இவள் ஒருத்திதான்.

"முப்பிடாதியண்ணே, இவளுக்கு ரெண்டு வார்த்த பறஞ்சு குடுங்க. எனக்குப் பறஞ்சு பறஞ்சு தொண்ட போச்சு. திங்கக்கிழம பிராக்டிக்கல் பரீட்ச. ரெக்கார்டுல சாரு ஒப்பு போடலன்னா உள்ளயே விடமாட்டாங்க. ஒம்பது புள்ளி எட்டுன்னு எழுதிட்டு வான்னு சாரு சொல்லிட்டாரு. இவ எழுதமாட்டாளாம்!"

"வரலம்மா," என்றாள் காளியம்மை. "வராதத எப்பிடி எழுதறது?"

"கிளாஸ்ல நாப்பது பேரு எழுதிருக்கு. அவங்களுக்கெல்லாம் வந்துச்சா?"

"நாப்பது பேருக்கும் வரல. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

ஷைலஜா ரெக்கார்டைப் பிடுங்கி மேலே விட்டெறிந்தாள். அது எங்கள் வீட்டு மின்விசிறி வரைக்கும் போய், அங்கே போவதா வருவதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்று, பிறகு மனம் மாறிக் கீழே வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் விரிந்துகிடந்த பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

"அவரு எல்லார் முன்னாடியும் என்ன கேட்டாருன்னு தெரியுமா உனக்கு?" காளியம்மை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "காளியம்மைக்கு மாத்ரம் வேற பூமியோன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சூலு பிடிச்ச வீட்டுக் கைக்கு ஸ்விட்ச் வழங்காதுன்னாரு. அதுக்கும் சிரிச்சாங்க."

சூல் என்றால் துடைப்பம், வழங்காது என்றால் படியாது. காலை நாலரை மணியிலிருந்து பஜார் ரோட்டைக் கூட்டிவிட்டு வந்த தன் உள்ளங்கைகளை ஷைலஜா ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலையில் துடைத்துக்கொண்டாள். சொன்னவர் ரமேஷ்பாபு சார். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் இதே பஜார் ரோட்டை ஆளுக்கொரு பக்கமாகக் கூட்டிய தமிழர்கள். சார் அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வாத்தியாராகி, அக்கரையில் ஃபிளாட் வாங்கிப் போனவர். பதினோரு வருஷம் ஒரே லேபில் இருந்தோம். என்னிடம் அவர் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை.

ரெக்கார்டை எடுத்து வாசித்தேன். மின்காந்தத்தில் ஒரு ஸ்டீல் குண்டு தொங்கும். ஸ்விட்சை அணைத்தால் காந்தம் குண்டை விட்டுவிடும், அதே நொடியில் டைமர் ஓடத் தொடங்கும். குண்டு கீழே தட்டில் விழுந்ததும் டைமர் நின்றுவிடும். உயரமும் நேரமும் தெரிந்தால் பூமியின் இழுப்பைக் கணக்குப் போட்டுவிடலாம். புத்தகத்தில் அது ஒன்பது புள்ளி எட்டு. ஒரு மீட்டர் உயரத்தில் காளியம்மைக்கு வந்தது எட்டு புள்ளி ஒன்பது. அதோடு விட்டாளா? உயரத்தைப் பாதியாக்கியிருக்கிறாள். எட்டு புள்ளி ஆறு. கீழே குண்டு குண்டான மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள்: உயரம் குறையக் குறைய விடையும் குறைகிறது. பூமி அப்படி ஆளுக்கேற்றபடி இழுக்காது. அதனால் குண்டு மெதுவாக விழவில்லை, தாமதமாகப் புறப்படுகிறது. காந்தம் அதை உடனே விடவில்லை.

இருபத்தாறு வருஷமாக நான் மூடிவைத்திருந்த பானையை இந்தப் பெண் ஒரு பென்சிலால் திறந்துவிட்டாள்.

அந்தப் பானையை மூடியபோது எனக்கு முப்பது வயது. அதே மின்காந்தத்தால் கேன்டீன் அனிலின் இரும்புச் சட்டியைத் தூக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டினேன். ஆறு வோல்ட்டில் அது எங்கே தூக்கும்? நேரே சுவர் பிளக்கில் மாட்டினேன். புகைதான் எழும்பியது. பயத்தில் எரிகிற காந்தத்தைச் சன்னல் வழியாக வீச, அது காயலுக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனை வினாடியில் விழுந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. மறுநாள் படகுத்துறை பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் படகு எஞ்சினின் போல்ட் ஒன்று வாங்கி, நானூறு சுற்றுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து மாட்டினேன். அசலைவிட அழகாக இருந்தது. ஒரே ஒரு குறை. அசலில் இருந்தது தேனிரும்பு. மின்சாரம் போன நொடியே காந்தத்தை மறந்துவிடும். என் போல்ட் உருக்கு. அதற்கு மறதி கிடையாது. கண் இமைக்கிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் குண்டைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் விடும்.

வருஷா வருஷம் பிள்ளைகள் வந்தார்கள். எட்டு புள்ளி ஒன்பது வரும். முழிப்பார்கள். சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதுவார்கள். வாத்தியார் ஒப்பு போடுவார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் காளியம்மையிடம் அப்படியே சொன்னேன். காலில் விழுவாள் என்று நினைத்தேன்.

"இருபத்தாறு வருஷமா தெரியுமா?" என்றாள். "சிரிச்சீங்களா?"

அந்தப் பார்வைக்குப் பேசாமல் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனேன். எனக்குப் பதிலாக இன்னும் ஆள் போடவில்லை. மேசையெல்லாம் தூசி. ரமேஷ்பாபு சார் தலையைத் தூக்கினார்.

"என்தா முப்பிடாதி, பென்ஷன் போரே?" பென்ஷன் போதவில்லையா என்று கேட்கிறாராம்.

விஷயத்தைச் சொன்னேன். முழுதாக, கூட்டாமல், குறைக்காமல். வாழ்க்கையில் முதல்முறையாக. அவர் சிரித்தார்.

"தோர்த்து வீசிக் கப்பல் நிறுத்திய ஆளல்லே நீ?"

ஆமாம், தோளில் கிடந்த துண்டை வீசிக் கப்பலை நிறுத்தியதாக ஒரு கதையை ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருந்தேன். அதன் பலன் இன்றைக்குக் கைமேல் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகப் புளுகு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். காளியம்மை குண்டை மாட்டி ஸ்விட்சை அணைத்தாள். டைமர் காட்டியது: 0.474 வினாடி. ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் அதே எட்டு புள்ளி ஒன்பது.

"கை பதுக்கெ," என்றார் சார்.

"கை மெதுவா அணைச்சாலும் வேகமா அணைச்சாலும் ஒண்ணுதான் சார். டைமரும் காந்தமும் ஒரே ஸ்விட்ச்சு," என்றாள் அவள். "என் கைக்கு இதுல வேலையே இல்ல."

நான் ஸ்பானரை எடுத்தேன். சுருளைக் கழற்றி, போல்ட்டை உருவி, மேசைமேல் கிடந்த குண்டூசி ஒன்றை அதன் நுனியில் வைத்தேன். கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. ஊசி தொங்கியது. அசைத்தேன். அப்போதும் தொங்கியது.

சாரின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சர்க்கார் சொத்து, மோசடி, டிபார்ட்மெண்டுக்கு எழுதுவேன், பென்ஷனை நிறுத்துவேன் என்று மலையாளத்தில் கத்தினார். அவருக்குக் கோபம் வர வர எனக்கும் ஏறியது. அந்தச் சூல் என்ற சொல் இரண்டு நாளாக என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

"எழுதுங்க சார். எழுதும்போது இதையும் சேத்து எழுதுங்க. இருபத்துமூணு வருஷம் முன்னால ஒரு பையன் இதே மேசையில நின்னான். பள்ளுருத்திப் பையன். ஏழு தடவ குண்டு போட்டான். ஏழு தடவயும் எட்டு புள்ளி ஒம்பது. ரப்பர வெச்சு அழிச்சு அழிச்சுப் பேப்பரே ஓட்டையாச்சு. அப்புறம் ஒம்பது புள்ளி எட்டுன்னு எழுதினான். அலமாரிக்குப் பின்னால நின்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

உங்களிடம் மறைப்பானேன். அந்தப் பையனை எனக்கு நினைவே இல்லை. வருஷத்துக்கு எண்பது பிள்ளைகள், யாரை நினைவு வைப்பது? ஏழு தடவை, ரப்பர், ஓட்டை எல்லாம் அந்த நிமிஷம் வாயில் வந்தவை. கப்பலை நிறுத்திய அதே தோர்த்தைத்தான் மறுபடியும் வீசினேன்.

"கள்ளம்," என்றார் சார். குரல் பாதியில் இறங்கியது.

காளியம்மை அவர் முன்னால் ரெக்கார்டை விரித்து வைத்தாள். தலை குனியாமல் நின்றாள். அவர் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் எழுதிய அந்த நாலு வரியை, தான் போட்ட பெருக்கல் குறிக்கு அடியில் தேடித் தேடி வாசித்தார். பிறகு என் கையிலிருந்து போல்ட்டை வாங்கி, ஊசியைப் பிடுங்கி, திரும்ப ஒட்டவைத்தார். மறுபடியும் பிடுங்கி ஒட்டவைத்தார். கடைசியில் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஊசி விழாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஏழு இல்லண்ணே," என்றார், தமிழில். "பதினொண்ணு தடவ போட்டேன். பதினொண்ணும் எட்டு புள்ளி ஒம்பதுதான் வந்துச்சு."