பந்து பொறுக்க வந்தவள்

1

இந்தக் கதை என் சுயநலத்தில் பிறந்தது. அக்காவுக்கு மருத்துவமனையில் மாலை ஷிப்ட். அவள் மகள், ஒன்பது வயது வாண்டு, அந்த நேரத்தில் என் பொறுப்பு. எனக்கோ அதே நேரத்தில் சமுதாயக்கூடத்து மாடியில் எழுத்து வகுப்பு. கீழே பிள்ளைகளுக்கு ஏதேதோ சொல்லித்தருகிறார்கள். அதில் ஒன்று அவளுக்குப் பிடித்துவிட்டால் நான் மாடியேறலாம். பிடிக்காவிட்டால் என் வகுப்பு அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'அந்தச் சிறுமியின் கண்களில் சொல்லமுடியாத ஒரு தனிமை

(நிறுத்திவிட்டேன். தோளுக்கு மேலாக எட்டிப் படித்த வாண்டு, "தனிமையா? எனக்கு அன்னிக்குப் பசி, சித்தி" என்றாள்.)

இரண்டாவது தொடக்கம், நடந்தது நடந்தபடி: கராத்தேயில் கத்தச் சொன்னார்கள். "யாரும் ஒண்ணும் பண்ணலையே, எதுக்குக் கத்தணும்?" என்று கேட்டாள். சதுரங்கத்தில், எதிரே இருந்தவன் எந்தக் கட்டத்தில் மாட்டப்போகிறான் என்பதை அவனுக்கே காட்டிக்கொடுத்தாள். பாட்டு வகுப்பில்... வேண்டாம். பாட்டு டீச்சர் இதைப் படிக்கக்கூடும்.

3

கடைசியாக மேசைப்பந்து. வகுப்பு முடிந்து நான் இறங்கி வந்தபோது அவள் முகமெல்லாம் வியர்வை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆடினியாடி?"

"இல்ல. பந்து பொறுக்கினேன். நாளைக்கும் வரலாமா சித்தி?"

"அதுல என்னடி இருக்கு?"

"மேசைக்கு அடியில இருந்து பாத்தா எல்லாம் தெரியுது. அந்தக் கண்ணாடி அண்ணன் தோத்தா கையில இருக்கற பேட்டை முறைக்கிறான். குட்டை அக்கா ஜெயிச்சா யாருக்கும் தெரியாம ஒரு குதி குதிக்கிறா."

(ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா என்று எனக்கே சந்தேகம். திருத்திப் பார்த்தேன். திருத்தியது என்னைப் போலப் பேசியது. பழையபடி விட்டுவிட்டேன்.)

பயிற்சியாளர் கறாராகச் சொன்னார்: "பொறுக்குறதுக்குன்னு நான் ஆள் சேர்க்கறதில்லம்மா. நாளைக்கு பேட்டைப் பிடிக்கட்டும். இல்லன்னா இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன்."

வீட்டுக்கு நடக்கும்போது கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாரேன், என் செல்லம்ல."

"எனக்காகவா, உனக்காகவா?"

அதற்கு நான், உறுதியான குரலில்,

4

எழுதிப் பார்த்த முடிவுகள்.

வாண்டு ஆடுகிறாள், கோப்பை வாங்குகிறாள். இது எனக்கு வேண்டிய முடிவு, அவள் கேட்டதல்ல.

நான் வகுப்பை விட்டுவிடுகிறேன். எழுதும்போதே என்மேல் எனக்குப் பரிதாபம் பொங்கியது. அதனால் நம்பவில்லை.

பயிற்சியாளர் மனம் மாறுகிறார். ஏன் மாறவேண்டும்? அரைப்பக்கம் யோசித்தும் காரணம் அகப்படவில்லை.

5

அந்த 'நாளைக்கு' இன்றுதான். இந்தப் பகுதியை மட்டும் மாடி வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளைக் கீழே விட்டு வந்தபோது பயிற்சியாளர் பேட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் வாங்கவில்லை. "என்னடி பண்ணப்போற?" என்றேன். "தெரியல. நீ போ, உனக்கு நேரமாச்சு" என்றாள்.

தரைக்கு அடியிலிருந்து பந்துச் சத்தம் வருகிறது. இதோ, நின்றுவிட்டது. யாரோ பந்தை எடுக்கக் குனிந்திருக்க வேண்டும். அது அவள்தானா, அவள் அடித்ததை எடுக்க வேறு யாராவதா, இங்கிருந்து தெரியாது. இறங்கிப் போனால் என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் முடிவு செய்வாள்.

அதனால் நீங்கள் போய்ப் பாருங்கள். படிக்கட்டு வலது கைப் பக்கம். "சித்தி அனுப்பினாளா?" என்று கேட்பாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்காக அடித்தாலும் அடித்துவிடுவாள்.