வீடு வளர்ந்தால் ஏற்றலாம்

எங்கள் வீட்டுக்காரர் மருதாசலம் தினமும் காலையில் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவார். உச்சவரம்புக்கு மேல் வாடகையை ஏற்றக் கூடாது என்பது சட்டம். வீடு வளர்ந்தால் ஏற்றலாம். அதனால் ஊற்றினார்.

வீடு நன்றாக வளர்ந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடை நீண்டுகொண்டே போனது. என் மனைவி வசுமதி கொண்டுவரும் காபி வழியிலேயே ஆறியது. பிறகு காபி வரவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது.

“உப்பு தீந்து போச்சுங்க,” என்றாள் ஒருநாள்.

உப்பு வாங்கிக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உப்பில்லாமல் சமைக்கப் பழகியிருந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாடகை நீதிமன்றத்துக்குப் போனேன். நீதிபதி அம்மாள் நின்றபடியே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியை வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

“வீடு வளருதுங்க,” என்றேன்.

“வாடகை ஏத்தீட்டாரா?”

“இல்லீங்க. வளந்து முடியட்டும்னு இருக்கறார்.”

“அப்புறம் என்ன குறை?”

“சம்சாரம் தூரமாப் போயிட்டே இருக்குதுங்க.”

அவர் யோசித்தார். “தண்ணி ஊத்தறதை நிறுத்தச் சொல்றேன். வளந்தது வளந்ததுதான்.”

மருதாசலம் சட்டத்தை மதிப்பவர். உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார். அன்றே கொத்தனாரை வரவழைத்து, நடையின் குறுக்கே சுவர் எழுப்பினார். சுவரில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் புது மீட்டர்.

“இதென்னங்க?” என்று கேட்டேன்.

“இத்தனை பெரிய வீடு ஒரு குடும்பத்துக்கு எதுக்குங்க? அந்தப் பக்கம் தனிப் போர்ஷன். ஆளும் குடி வந்தாச்சு.”

“யாரு?”

“வசுமதின்னு ஒருத்தங்க. தங்கமான மனுஷி. புதுசா வர்றவங்களுக்கு உச்சவரம்பு கிடையாது பாருங்க.”

கதவைத் தட்டினேன். வசுமதி திறந்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“யாருங்க?”

உன் புருஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இரண்டு போர்ஷனும் ஒன்றாகி, மறுபடி அவள் தூரமாகிவிடுவாள் என்று பயம் வந்தது.

“பக்கத்துப் போர்ஷன்,” என்றேன்.

“உங்களுக்கு வாடகை எவ்வளவுங்க?”

சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

“எங்கிட்ட அதுல ரெண்டு மடங்கு வாங்கறார். விடமாட்டேன்.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “கோர்ட்டு எந்தப் பக்கமுங்க?”

கையைக் காட்டினேன்.

“இன்னிக்குத்தான் பால் காய்ச்சறேன். பொங்கற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கங்க.”

அவள் படியிறங்கிப் போனாள். நான் அடுப்பருகே நின்றேன். பால் அசையவில்லை. தீயைக் கூட்டினேன். ஓரத்தில் மெல்ல நுரை கட்டியது. பொங்கிவிட்டால் இந்தச் சமையலறையில் நிற்க எனக்கு வேறு காரணம் இல்லை.

தீயைக் குறைத்தேன்.