ராகேலின் காலுக்கான மாத்திரை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கால் எரிந்தது எனக்கு. சர்க்கரை பத்து வருடமாக நரம்பைத் தின்றதில், உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். கைபேசியில் தேடினால், ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்றிருந்தது. எழுதுகிறவனுக்கு மனச்சோர்வு என்றால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், கதை ஆகாது. ஆகவே என் காலை ராகேலுக்குக் கொடுத்தேன்.

2

குலசேகரம் பக்கம் தினமும் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் ராகேல். அவள் கண்களில் ஆழமான ஒரு சோகம்

(அடித்துவிட்டேன். விடியுமுன் எழுகிறவள் கண்ணில் பீளைதான் இருக்கும். பால் வெட்டுகிற வீட்டில் பிறந்த எனக்கே இந்தப் புத்தி.)

மறுபடியும். கால் எரிச்சலில் ராகேலால் மரத்துக்கு மரம் நடக்க முடியவில்லை. மருத்துவர் சொன்னார்: “மனச்சோர்வுக்கும் இதத்தான் குடுப்போம், நரம்பு வலிக்கும் இதத்தான். ஒனக்கு காலுக்கு. கொணம் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆவும். நீயா நிறுத்தப்பிடாது.”

மூன்றாம் வாரம் எரிச்சல் பாதியானது. ராகேல் தோப்புக்குப் போனாள்.

3

இங்கே முடித்தால் மருந்துச் சீட்டுதான் மிஞ்சும். துபாயிலிருக்கும் ராகேலின் மகன் ஜெபிஷ், மாத்திரை அட்டையின் படத்தை வாங்கிப் பார்த்தான். என்னைப் போலவே தேடினான். பயந்தான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போட்டான்: ‘அம்மாவின் மனச்சோர்வு நீங்க ஜெபிக்கவும்.’

(ஒரு ரகசியம் பரவ எங்கள் ஊரில் இதைவிட மரியாதையான வழி கிடையாது.)

அன்று சாயங்காலமே பெண்கள் சங்கத்தார் பதினோரு பேர் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சுமந்து வந்தார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

“யாருட்டி செத்தது?” என்றாள் ராகேல்.

“ஒருத்தரும் சாவல்ல மக்கா. நீ மனசு விட்டு அழு,” என்றாள் பிரிஜா.

“நான் எதுக்குட்டி அழணும்? மரத்துல பாலு நல்லா வருகு.”

பிரிஜா கைபேசியைக் காட்டினாள். ராகேலின் முகம் கறுத்தது.

“அப்ப நான் கிறுக்கியா? இனி இந்த எளவு மாத்திரை எனக்கு வேண்டாம்.”

நிறுத்தினால் எரிச்சல் திரும்பும். முந்நூறு மரமும் வேறு கைக்குப் போகும்.

4

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். மருத்துவரைக் கூட்டிவந்து விளக்கவைத்த பத்தியைக் கிழித்தேன். கடைசியில் சங்கச் செயலாளர் இசபெல் வாயைத் திறந்தாள். அவளை நான் கிழங்கு சுமக்கத்தான் வைத்திருந்தேன்.

“ஏட்டி, அதே மாத்திரைய நான் ரெண்டு வருசமா தின்னுகேன்.”

“ஒங்களுக்கும் கால் எரியுதா அக்கா?”

“இல்ல, எனக்கு மனசுக்கு. எந்திரிக்கவே தோணாம கெடந்தேன். வீட்டுல கேட்டா கால்வலிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

பிரிஜா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்க கால மனசுன்னு சொல்லுகாவ,” என்றாள் ராகேல். “நீங்க மனசக் காலுன்னு சொல்லுகியோ!”

முதலில் சிரித்தது இசபெல்தான். அப்புறம் மற்ற எல்லாரும். மீன்கறிச் சட்டி காலியானது.

5

முடிவு. ஜெபம் பண்ணித்தான் கலைய வேண்டும்.

“காலுக்கா, மனசுக்கா, எதுக்கு ஜெபிக்க?” என்றாள் இசபெல்.

“ரெண்டுக்கும் சேத்துப் பண்ணுங்க,” என்றாள் பிரிஜா. “மாத்திரை ஒண்ணுதானே.”

ராகேலின் ஒரு கையில் பால் விடாத கட்டன்காப்பி. மறு உள்ளங்கையில் அன்றைய மாத்திரை; போடுவதா எறிவதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். சின்ன வயதுப் பழக்கம், நானும் மூடிவிட்டேன்.

ஆமென் சொல்லித் திறந்தபோது உள்ளங்கை காலி. டம்ளரும் காலி. முற்றத்தில் ஒரு கோழி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. ராகேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

கண்ணை மூடாதவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள்.