நாலாவது விடை

1

இந்தக் கதையை நான் எழுதக் கூடாது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் புது நர்ஸ் ஒருவரை எடுப்பதற்கு முன்னால், இங்கே குடியிருக்கிறவர்களில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்போம். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க இப்படியா என்று தெரியாது; எங்கள் இல்லத்தில் இப்படி. அந்த அறையில் பேசியதை வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வாங்குவார்கள். போட்டுக் கொடுத்தேன். (எழுத மாட்டேன் என்று அதில் இல்லை.)

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் காதில் விழும். யார் என்ன உடுத்தியிருந்தார்கள், வெளியே மழையா வெயிலா என்றெல்லாம் கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ரோண்டா வாவ்ரா முப்பத்து நான்கு விண்ணப்பங்கள் போட்டாள். முப்பத்து நான்கும்..."

வேண்டாம். மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கிறது.

இரண்டாவது: "பதினொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய ஒரு பெண், நாற்பத்து மூன்றாவது வயதில்..."

இது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை.

மூன்றாவது, அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னபடியே:

"பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் கம்ப்யூட்டர்லதாங்க அப்ளிகேஷன். நாலு வருஷப் பட்டம் இருக்கான்னு கேக்கும். இல்ல, சமுதாயக் கல்லூரில ரெண்டு வருஷம். அப்ப ஒரு வருஷ அனுபவம் இருக்கான்னு கேக்கும். வேலை குடுத்தாத்தானேங்க அனுபவம்? நாலே நிமிஷத்துல 'வருந்துகிறோம்'னு வந்துடும். இவ்வளவு சீக்கிரமா வருந்துறதுக்கு அவங்களுக்கு எப்படித்தான் முடியுதோ!"

இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வராது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் உரிமத் தேர்வில் அவள் தேறி ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் காலையில் பேருந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டும் ஓட்டுவாளா என்று பள்ளிக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவள் எங்கள் முன்னால் உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமை. முப்பத்தைந்தாவது விண்ணப்பம், நேரில் கூப்பிட்ட முதல் இடம்.

3

கேள்வி கேட்கும் மூவர்: நான். ஊர்த் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இருந்த பெர்னீஸ், எண்பத்தாறு வயது. ஆர்வில் ஸ்வோபோடா, தொண்ணூற்று மூன்று. ஒரு காலத்தில் சோள விவசாயி, அந்த வருடம் முதல் எங்கள் குழுவில் எதிர்க்கட்சி.*

கடைசியில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் மூன்று சீட்டிலும் 'சரி' என்று இருந்தால்தான் நர்சுகளின் தலைவி கிறிஸ்டல் வேலை தருவாள். ஏற்கெனவே இரண்டு பேருக்கு ஆர்வில் 'வேண்டாம்' எழுதியிருந்தார். அவர் கட்சி இதுதான்:

"வர்றாங்க, அந்த ஒரு வருஷ அனுபவத்தைச் சுருட்டிக்கிறாங்க, சிட்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்துடுறாங்க. மாத்திரைய ஆப்பிள் கூழ்ல வச்சாத்தான் எனக்கு எறங்கும்னு ஒவ்வொருத்திக்கும் மறுபடி முதல்லேருந்து சொல்லணும். நாம என்ன பஸ் ஸ்டாப்பா?"

* இந்த இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சுருள் சுருளான தமிழ் எழுத்துல 'கிழட்டுப் பய'ன்னு எழுதி வச்சிருக்கியா?" என்றார். "எதிர்க்கட்சின்னு எழுதியிருக்கேன்." "அப்ப சரி."

4

பெர்னீஸ்தான் ஆரம்பித்தாள்.

"நீ குடுக்குற மாத்திரைய நான் துப்பிட்டேன்னு வை. என்ன பண்ணுவ?"

"முதல்ல நோயாளியின் நிலையை மதிப்பீடு செய்வேன்."

"ஆர்வில் பிங்கோ ஆட்டத்துல ஏமாத்துறாரு. அப்ப?"

"முதல்ல மதிப்பீடு செய்வேன்."

"ஏமாத்துறேனா? யாரு?" என்றார் ஆர்வில். "ஏம்மா, கட்டடம் தீப்பிடிச்சு எரியுது. அப்பவாவது எங்களைத் தூக்கிட்டு ஓடுவியா?"

"முதல்ல..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "மன்னிச்சுக்கங்க சார். ரெண்டு வருஷமா எல்லாக் கேள்விக்கும் நாலு விடை போட்டு, ஒண்ணைத் தேர்ந்தெடுன்னே பழக்கிட்டாங்க. நாலு விடை இல்லாம யாராவது கேட்டா வாய் வர மாட்டேங்குது. வீட்டுக்காரர் 'ராத்திரிக்கு என்ன சமையல்'னு கேட்டாக்கூட விடைங்களை எதிர்பாக்குறேன்."

"அவ்வளவுதானே? நான் போடுறேன் நாலு விடை." ஆர்வில் விரலை நீட்டினார். "கேள்வி: ஒரு வருஷம் ஆனதும் எங்களை விட்டுட்டுப் போயிடுவியா? ஒண்ணு, மாட்டேன். ரெண்டு, சத்தியமா மாட்டேன். மூணு, உங்களையெல்லாம் விட்டுட்டு எப்படிப் போவேன். நாலு, போயிடுவேன்."

ரோண்டா யோசிக்கவே இல்லை.

"நாலு."

கிறிஸ்டலின் பேனா மேசையில் விழுந்த சத்தம் கேட்டது.

5

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. முப்பத்து நான்கு தடவை கதவு சாத்தப்பட்ட ஒருத்தி, திறந்திருக்கும் ஒரே கதவின் முன்னால் நின்று இப்படிச் சொல்வாளா? வாசகர்கள் நம்ப மாட்டார்களே என்று மாற்றிப் பார்த்தேன்.

"அவள் சற்றுத் தயங்கி, 'அதை இப்போது எப்படிச் சொல்ல முடியும்...' என்று..."

இல்லை. இது அவள் குரல் இல்லை, வக்கீல் குரல்.

பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன? பயமா இல்ல?"

"பயந்தாங்க. ஆனா பரீட்சைப் பழக்கம். மூணு விடையும் தப்புன்னு தெரிஞ்சுது. மிச்சம் அதுதான் இருந்துச்சு."

6

அறையில் அப்புறம் நடந்தது:

"எங்க போவ?" ஆர்வில் கேட்டார்.

"பிரசவ வார்டுக்கு. அதுதாங்க எனக்கு ஆசை. ஆனா இருக்குற வரைக்கும் அரை மனசா இருக்க மாட்டேன் சார். பஸ்ல ஒரு நாள்கூட ஒரு பிள்ளையையும் தப்பான வாசல்ல எறக்கி விட்டதில்ல."

"பிரசவ வார்டு!" ஆர்வில் பெர்னீஸ் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நாம வெளிய போற வாசல்ல பழகிட்டு, உள்ள வர்ற வாசலுக்குப் போறாளாம்."

"யோவ், பயமுறுத்தாதய்யா அவளை!"

"ஏம்மா, எனக்கு என்ன வயசு தெரியுமா? தொண்ணூத்து மூணு. ஒரு வருஷத்துல இந்த இடத்தை விட்டு யாரு முதல்ல கிளம்புறான்னு பாத்துடுவோமா, நீயா நானா?"

இப்படி ஒருவர் கேட்டால் என்ன சொல்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. ரோண்டா சொன்னாள்:

"உங்களை ஜெயிக்க விட மாட்டேன் சார். என் வேலையே அதானே."

ஆர்வில் சிரித்த சிரிப்பில் பல்செட் நழுவியது. அதைத் தள்ளிப் பொருத்திக்கொண்டே சீட்டை எழுதினார். கிறிஸ்டல் பிரித்துப் படித்தாள். சரி. சரி. மூன்றாவதில்: "சரி. ஆப்பிள் கூழ் பற்றிச் சொல்லிவிடவும்."

தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொல்லியிருந்த ரோண்டாவிடம் கிறிஸ்டல் போய் விஷயத்தைச் சொன்னாள். அங்கிருந்து வந்த கூவலில் சாப்பாடு கொண்டுவந்தவர் தட்டைக் கீழே போட்டார். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தைப் பதினொரு வருடம் அடக்கிய தொண்டை அது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே பள்ளிக்குப் போன் போட்டுவிட்டாள்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் ரோண்டாவுக்கு எங்களை விட்டுப் போக மனம் வரவில்லை, இங்கேயே தங்கிவிடுகிறாள். ஆர்வில் கேட்டுவிட்டு, "பொய். அந்தப் பொண்ணு நாலுன்னு சொன்னா நாலுதான்" என்றார்.

இரண்டாவதில் ஆர்வில்... "அடிச்சுடு அதை" என்றார். அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் பெர்னீஸ் சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பழைய தொலைபேசி நிலையக் குரலில்... இது பெர்னீஸ் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தது. கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரோண்டாவின் அந்த ஒரு வருடம் முடிவது ஏப்ரலில். இது ஜனவரி. ரோண்டா பிரசவ வார்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். இந்தத் தடவை நாலு நிமிஷத்தில் பதில் வரவில்லை, மூன்று வாரமாக யோசிக்கிறார்கள். அந்த விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் ஆர்வில். கடிதத்தை அவர் என்னிடம் காட்டவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப்பட்டை உப்பும் சத்தம் கேட்கிறது. பிறகு அது தளரும் சத்தம்.

"எவ்வளவும்மா?"

"நூத்தி இருபத்தெட்டு, எண்பது."

"யாரு முந்துறா?"

"இன்னிக்கு நீங்க எங்கயும் கிளம்பல சார். நானும் கிளம்பல. கைய மடக்குங்க."

இதற்கு மேல் நான் எழுதினால் இருவரில் ஒருவரை வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். எனக்கு மனசில்லை. உங்களுக்குத் துணிச்சல் இருந்தால் கீழே ஏப்ரல் வரைக்கும் இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: எழுதியதை ஆர்விலுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வேலையும் உங்களுடையதுதான்.