அக்கா, இது என்ன கலர்?

1

இதை எழுதக் காரணம், என் தம்பி நாற்பத்தொரு நாளாக என்னிடம் ஒரு நிறமும் கேட்கவில்லை என்பதுதான். இதைவிடக் கனமான காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கதை எழுதுகிறவர்கள் காலம், தனிமை, மனித வாழ்வு என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்த காரணம் மேசைமேல் கிடக்கும் ஃபோன். அதில் பல் டாக்டரிடமிருந்து செய்தி வருகிறது. அவனிடமிருந்து "சாப்பிட்டியா" வருகிறது. படம் மட்டும் வருவதில்லை.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். அடித்ததையும் மறைக்காமல் வைக்கிறேன்.

"அவனுடைய உலகம் சாம்பல் நிறத்தால் ஆன..."

[பொய். நீலம் அவனுக்கு உங்களைப் போலவே தெரியும். மஞ்சளும் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும்தான் ஒன்றின் சட்டையை இன்னொன்று மாட்டிக்கொண்டு வந்து நிற்கும்.]

"விதி ஓர் ஓவியனின் கண்ணில்..."

[விதியை இழுத்தால் சிரிப்பான். அவன் ஓவியனும் இல்லை. கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவன்.]

"என் தம்பிக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது. பதினோரு வருடமாக அவன் ஓர் அச்சகத்தில் டிசைனர். அவனுக்கு இப்படி என்று அங்கே யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர."

[இது இருக்கட்டும். 'அங்கே'யும் 'என்னைத் தவிர'வும் இடிக்கின்றன. நான் அந்த அச்சகத்தில் வேலை செய்யவில்லை. திருத்த மனம் வரவில்லை. பதினோரு வருடமாக நானும் அங்கேதான் இருந்தேன்.]

2

முதல் வகுப்பில் அவன் ஒரு மரம் வரைந்தான். பச்சை அடிமரம், பழுப்பு இலை. டீச்சர் அந்த நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். அன்று சாயங்காலம் நான் காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, ஒவ்வொரு கிரேயானிலும் அதன் பெயரை எழுதி ஒட்டினேன். எனக்கு வயது பத்து. கிரேயான் தேயத் தேயப் பெயரும் தேய்ந்தது. 'பச்சை' முதலில் 'பச்' ஆயிற்று, பிறகு 'ப' ஆயிற்று. 'ப'ன்னா பச்சையா, பழுப்பா என்று கேட்டு ஒரு நாள் அழுதுகொண்டே வந்தான்.

இப்படிப்பட்டவன் போயும் போயும் இந்த வேலைக்கு ஏன் போனான்? நானும் கேட்டேன்.

"கலர் கடைசிலதான்க்கா வருது. அதுக்கு முன்னாடி வர்றது எல்லாம் எனக்கு நல்லாவே தெரியும்."

அவன் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதையும் முதலில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றிலேயே கட்டுவான். எது பெரிது, எது சிறிது. எதன் ஓரம் எதன் ஓரத்தோடு நேராக நிற்கிறது. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு இருக்கிறதா. கண் மூச்சுவிட வெறும் இடம் இருக்கிறதா. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "மங்கலாப் பார்க்கும்போது எது முதல்ல தெரியுதோ, அதுதான் முதல்ல படிக்க வேண்டியது. இல்லைன்னா எங்கயோ தப்பு." கறுப்பு வெள்ளையில் நிற்காதது கலரில் நிற்காது என்பது அவன் கட்சி. நிறம் அவனுக்கு எண். எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே நாலு மையில் எது எத்தனை சதவீதம் என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடும். மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு என்றால் சிவப்பு. பார்க்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.

(* என் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவதும் அவன்தான். "உன் கதையை நான் படிக்கிறதில்லக்கா, பார்க்கிறேன்" என்பான். ஒரு முறை, நான் உணர்ச்சிவசப்பட்டிருந்த ஒரு பக்கத்தைக் காட்டி, "எல்லாத்தையும் போல்டு பண்ணிட்டா எதுவுமே போல்டு இல்ல" என்றான். என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுதான் உருப்படியானது.)

3

எண்கள் கைவிடும் இடங்களும் உண்டு. வாடிக்கையாளர் ஒரு சோப்பு உறையையோ திரைச்சீலைத் துண்டையோ நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார். புகைப்படங்கள் அதைவிட மோசம். ஒரு முகத்திலேயே ஆயிரம் எண் இருக்கும். அப்போது என் தம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போவான்.

"அக்கா, இது என்ன கலர்?"

"செங்கல் கலர். புதுச் செங்கல் இல்லடா, மழையில நனைஞ்ச செங்கல்."

"கதை கேக்கல. சிவப்பா, பழுப்பா?"

"ரெண்டும் சண்டை போட்டுச் சிவப்பு ஜெயிச்சிருக்கு."

"தாயே, உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு."

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. சில நாள் ஒன்பது. "உன் தம்பிக்கு நீ கண்ணா, அகராதியா?" என்று என் கணவர் கேட்பார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. [இங்கே 'தொந்தரவாகவும் இருந்தது' என்று சேர்த்திருந்தேன். அடித்தேன். மறுபடி சேர்க்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தால் தொந்தரவாகவும் இருந்தது.]

4

இந்தப் பகுதியை எழுதாமல் ஐந்துக்குத் தாவிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் இது இல்லாமல் ஐந்து நிற்காது.

புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையின் வேலை மொத்தமும் அச்சகத்துக்கு வந்தது. முதல் வேலை ஒரு சிற்றேடு. அதில் பன்னிரண்டு டாக்டர்கள் வரிசையாக நிற்கும் படம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. முகத்திலெல்லாம் பச்சை ஏறியிருந்தது. அதை எடுக்க வேண்டும். தம்பி எண்களை வைத்துக்கொண்டு போராடினான். அரை நாள் கழித்துத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

"அக்கா, மூஞ்சியெல்லாம் சரியா இருக்கா?"

நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். (* நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். மறுநாள் அதை அடித்துவிட்டேன்.)

"சூப்பர்டா. அப்படியே அனுப்பு" என்று பதில் போட்டேன்.

மாதிரித் தாள் அச்சாகி வந்தது. முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிசைன் அறைக்கு வந்தாராம். "ஏம்ப்பா, டாக்டருங்க எல்லாம் பேஷன்ட் மாதிரி இருக்காங்களே! பாசி புடிச்ச சிலை மாதிரி நிக்கறாங்க!" அறையே சிரித்தது. தம்பி, "மானிட்டர் பழசு சார்" என்று சொல்லிவிட்டான். முதலாளி நல்ல மனிதர். ஒரே வாரத்தில் அவனுக்குப் புது மானிட்டர் வந்தது. அறையிலேயே பெரியது. பதினோரு வருடத்தில் அவன் சொன்ன முதல் நேரடிப் பொய், இருபத்தேழு அங்குலத்தில் அவன் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு எதையும் அவன் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க எதையும் இரண்டு தடவை கேட்டான். "நிச்சயமாவாக்கா?" என்றான். முன்பெல்லாம் அப்படிக் கேட்கமாட்டான்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு மாதம் கழித்து. அவன் பக்கத்து இருக்கையில் வேலை செய்கிற அம்மா ஒருவர் உண்டு; அரை மில்லிமீட்டர் கோணினாலும் கண்டுபிடிப்பதால் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அவர் வேறு ஏதோ சொல்லக் கூப்பிட்டவர், இதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்ததும் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். அந்தத் தேதி இருந்தது. என் "சூப்பர்டா" இருந்தது. அதற்கு மேலே அவன் அனுப்பிய படம், தொட்டால்தான் இறங்குவேன் என்று மங்கலாகக் காத்துக்கொண்டிருந்தது. தொட்டேன். பன்னிரண்டு டாக்டர்கள். பச்சை, பச்சை, பச்சை.

அன்று நான் அந்தப் படத்தைத் திறக்கவேயில்லை.

5

அந்த 'வேறு ஏதோ' இதுதான்.

மருத்துவமனையின் அடுத்த வேலை தரையில் போடும் கோடுகள். வாசலிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போக வேண்டிய இடம் வந்துவிடும். அவசரப் பிரிவுக்குச் சிவப்பு, வெளி நோயாளிகளுக்குப் பச்சை, எக்ஸ்ரேவுக்குப் பழுப்பு, ரத்தப் பரிசோதனைக்கு ஆரஞ்சு. நிறங்களைத் தேர்ந்தெடுத்தது மருத்துவமனைக்காரர்கள். பெரிய மானிட்டரில் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள்.

முதல் வரைவில் நான் இப்படி எழுதினேன்:

"அவன் எழுந்தான். அறை அமைதியானது. 'ஐயா, நிறம் எல்லோருக்கும் சொந்தமல்ல' என்று தொடங்கி..."

தம்பியிடம் படித்துக் காட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நான் எப்போக்கா அப்படிப் பேசினேன்? நான் எழுந்திருக்கவே இல்ல. மானிட்டர் முன்னாடி உக்காந்திருந்தவனே நான்தான்."

நடந்தது, மில்லிமீட்டர் சொன்னபடி:

தம்பி ஒரு பட்டனைத் தட்டிப் படத்தைச் சாம்பலாக்கினான். நான்கு கோடும் ஏறக்குறைய ஒரே சாம்பல் ஆயிற்று. "சார், கலரை மட்டும் நம்பிப் போட்டா இப்படி ஆயிடும். கோட்டுக்குள்ள ஏதாவது வடிவம் வச்சுடலாம். அவசரத்துக்கு முக்கோணம், ரத்தத்துக்கு வட்டம், அந்த மாதிரி. ஒண்ணு வெளிறி, ஒண்ணு அடர்த்தியா இருந்தா இன்னும் நல்லது."

மருத்துவமனை மேலாளர், "தரை கலர்லதானே இருக்கப்போகுது, கறுப்பு வெள்ளையில இல்லையே?" என்றார்.

"சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும் சார்."

"அப்படி எத்தனை பேர் வந்துடப் போறாங்க?"

தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ஒருத்தன் வந்திருக்கேன் சார்."

யாருக்கும் புரியவில்லை. அவன் திரையில் மூன்று கோடுகளைத் தொட்டுக் காட்டினான். "இது, இது, இது. எனக்கு மூணும் ஒண்ணுதான். நெஞ்சு வலின்னு நான் தனியா வந்தா, எக்ஸ்ரே வாசல்ல போய் நிப்பேன்." சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான். அது மேலாளருடைய தண்ணீர்.

6

[என் இரண்டாம் வரைவில் மேலாளர் கண் கலங்கி, "எனக்கும் அப்படித்தான் தம்பி" என்கிறார். எனக்கே பிடித்துப்போய் அதை இரண்டு தடவை படித்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. மேலாளர் தன் கிளாஸைப் பார்த்தார், பிறகு "முக்கோணம் போடறதுன்னா எத்தனை நாள் கூட ஆகும்?" என்று கேட்டார். ஒரு வாரம் என்றான். சரி என்றார். பெரிய விஷயங்கள் இப்படித்தான் முடிந்து தொலைக்கின்றன.]

அவர்கள் போன பிறகு முதலாளி மட்டும் நின்றார்.

"அப்போ அந்தப் பழைய மானிட்டர்?"

"அதுல ஒரு தப்பும் இல்ல சார்."

முதலாளி தன் அறைக்குப் போய்விட்டார். மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் மற்றவர்கள் அலுவலகத்தில் இருக்கிற பேனா, பை, செருப்பு ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, "இது என்ன கலர் சொல்லு" என்று கேட்டுத் தீர்த்தார்கள். நான்காம் நாள் முதலாளி அவன் மேசைக்கு வந்தார். புகைப்பட வேலைகள் இனி மில்லிமீட்டருக்கு. மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைகள், கோடுகள் மொத்தமும் அவன் பொறுப்பு. போகும்போது திரும்பி, "பதினோரு வருஷமா என்கிட்டச் சொல்லணும்னு தோணலையாடா?" என்றார். முதல் தடவையாக 'டா'. திட்டா, பாசமா என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை, அவனே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது சந்தேகம் வந்தால் நாற்காலியை நகர்த்தி, ஊர் அறிய மில்லிமீட்டரிடமே கேட்கிறான். பாத்ரூம் பக்கம் போவதில்லை. அவன் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நல்ல விதமாக. எனக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷம்தான், ஆனால்...

[முடிக்க வரவில்லை. நான் அவனுக்குத் தேவையில்லாமல் போய்விட்டேனா, என் கண்ணை நம்ப முடியாமல் போயிற்றா? இரண்டில் எது என்று தெரிந்தால் இந்த வாக்கியத்தை முடித்துவிடுவேன்.]

7

ஆறு பகுதிகளையும், தொகுப்பின் மற்றக் கதைகளோடு, போன வாரம் அவனுக்கு அனுப்பினேன். வழக்கம்போலப் பக்கம் கட்டித் தரச் சொன்னேன். நான்காம் பகுதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன்தான் படிக்கமாட்டானே, பார்க்கிறவன்தானே.

நேற்று மத்தியானம் கூப்பிட்டான்.

"அக்கா, நாலாவது பகுதில ஒரு வரி கூடுதலா இருக்கு. பக்கத்துல அடங்கல. அடுத்த பக்கத்துக்குப் போய் ஒத்தையா நிக்குது, பார்க்கவே பாவமா இருக்கு."

"எழுத்தைக் கொஞ்சம் நெருக்கேன்."

"நெருக்கினா மூச்சு முட்டும். ஒரு வரி எடுத்தாகணும். நீ எடுக்கறியா, நானே எடுக்கட்டா?"

அந்தப் பகுதியை நான் இரண்டு ஒற்றை வரிகளோடு முடித்திருந்தேன். ஒன்று, நான் செய்த குற்றம். அடுத்தது, அதற்காக அவனிடம் கேட்ட மன்னிப்பு.

"நீ படிச்சியாடா?" என்றேன்.

"நான் எங்க படிக்கிறேன்." பின்னால் மில்லிமீட்டர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஃபோனை வைக்கவில்லை. "சொல்லுக்கா. எடுக்கட்டா?"

"உனக்கு எது வேண்டாம்னு தோணுதோ அதை எடுத்துடு."

"சரி" என்றான். பிறகு, "சாப்பிட்டியா?" என்றான்.

இந்த ஏழாம் பகுதியை இப்போது எழுதி அனுப்புகிறேன். இதையும் அவன்தான் ஏற்றுவான். எந்த வரியை எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. புத்தகம் வந்த பிறகும் அந்தப் பக்கத்தை நான் திறக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. உங்கள் கையில் புத்தகம் இருக்கிறது. நான்காம் பகுதியில் எஞ்சி நிற்பது குற்றமா, மன்னிப்பா என்று நீங்கள் பாருங்கள். பார்த்துவிட்டு, அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதுதான் முடிவு.