எல்லோருக்கும் திறந்த கம்ப்யூட்டர்

நிருபமா சில வருஷங்களாக நெல்லின் ஒரு குரோமோசோமோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஏ, சி, ஜி, டி என்று முடிவில்லாமல் நீளும் அதன் எழுத்து வரிசையில் ஒரு ஜீன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்து வைப்பதுதான் பெங்களூர் ஆய்வகத்தில் அவள் வேலை. அதில் ஒரே ஒரு ஜீன் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பயிர் குலைநோயைத் தாங்க அது உதவும் என்று நம்பி, தன் ஆய்வுக் கட்டுரையிலும் எழுதியிருந்தாள். வெளிநாட்டிலிருந்த பெரிய தரவுத்தளமோ, அந்த இடத்தில் ஜீனே இல்லை என்று சொல்லி அவள் குறிப்பைச் சேர்க்க மறுத்துவிட்டது.

"அவாளே இல்லைன்னுட்டா. பேப்பர்லேர்ந்து அந்தப் பகுதியை எடுத்துடும்மா" என்றார் ஆய்வக இயக்குநர் சேஷகிரி. அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான 'டாஸ்' என்ற திறந்த நெறிமுறையைப் பற்றிப் படித்தாள். குறிப்புகளை யாரிடமும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். கேட்கும் விதமும் பதில் சொல்லும் விதமும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். பார்க்கிறவரின் திரையில் பல ஊர்க் குறிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆய்வகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காக்ஸ் டவுனில் குடியிருந்த டென்சிலிடம் போய்ச் சொன்னாள்.

"ஒரு பழைய மெஷின் சும்னே கெடக்குது மேடம், அதுல போட்டுடலாம். ஆனா தொறந்துட்டா உலகமே பார்க்கும்."

"தப்பா இருந்தா?"

"தப்பையும் பார்க்கும்."

அவள் தன் குறிப்புகள் இருந்த சிடியை அவரிடம் நீட்டினாள். "போடுங்க" என்றாள்.

சர்வர் வேலை செய்யத் தொடங்கிய காலையில் இருவரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். அவள் குறித்த ஜீன்கள் சிவப்புக் கோடுகளாக வந்தன. ஆனால் பாதிக்கு மேல் எல்லாம் தாறுமாறாக, ஒன்றுமில்லாத இடங்களில் விழுந்திருந்தன.

"மூடிடவா மேடம்?"

"இருங்க."

தொடக்கத்தில் இருந்த கோடுகள் சரியாகவே இருந்தன. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அப்புறம்தான் எல்லாமே ஒரே அளவு தள்ளிப் போயிருந்தன. அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. தரவுத்தளத்தின் மூல வரிசையில் முன்பு விடுபட்டிருந்த ஒரு பகுதியை இப்போது நிரப்பியிருக்கிறார்கள். அவள் குறித்தவையெல்லாம் பழைய வரிசையின் எண்கள். புதிய வரிசைக்கு ஏற்ப எண்களை மாற்றினாள். நடுவில் கரன்ட் போய் வந்தது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு கோடும் தன் இடத்தில் உட்கார்ந்தது.

அதன்பின் வாரக்கணக்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரைத் திருத்தி அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கியது.

ஒரு முற்பகலில் தாய்வானிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "நாங்களும் ஒரு சர்வர் திறந்திருக்கிறோம். உங்களுடையதோடு சேர்த்துப் பாருங்கள்" என்று மட்டும் எழுதி, முகவரியைக் கொடுத்திருந்தார்.

நிருபமா முகவரியைச் சேர்த்தாள். கீழே பச்சைக் கோடுகள் மெல்ல இறங்கின. அவளுடைய ஜீனுக்கு நேர் கீழே, துண்டுக்குத் துண்டு, ஓரம் பிசகாமல் ஒரு பச்சைக் கோடு நின்றது. அதைச் சொடுக்கியதும் விவரம் வந்தது: நோய் தாக்கிய இலைகளிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஆர்என்ஏவில் இதே வரிசை இருந்திருக்கிறது. ஜீன் வேலை செய்தால்தான் ஆர்என்ஏவில் அதன் நகல் இருக்கும்; செடி அந்த ஜீனைப் பயன்படுத்துகிறது.

அவள் கூப்பிட்டு சேஷகிரி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார்.

"இவாளை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். இங்கே தேதி பாருங்க, என் சர்வரைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க தனியா குறிச்சிருக்காங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும். இவாளும் சம்மதிச்சா, ரெண்டு பேர் பேரையும் போட்டு எழுது."

அவர் போனதும் நிருபமா நாற்காலியில் சாய்ந்தாள். இத்தனை நாள் இறுகிக் கிடந்த தோள்கள் தாமாகத் தளர்ந்தன.

"என்ன மேடம், அழறீங்களா?" என்றார் டென்சில்.

"இல்லை டென்சில், பசிக்கறது" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கேன்டீனுக்கு இறங்கிப் போனாள்.